சும்மா சார்

நுரை சில்லென்று இருக்கிறது. கார்த்திகை மாதத்துக் குழாய்த் தண்ணீரில் குழைத்த நுரை வேறு எப்படி இருக்கும், வெந்நீர் வைக்கட்டுமா என்று செல்லப்பா கேட்டார், நான்தான் பெரிய வீரன்போல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இப்போது பல் கிட்டுகிறது, அது குளிரால்தான், பயத்தால் இல்லை, சரி, பயத்தாலும்தான். பிரஷ் வலது கன்னத்தில் வட்டம் போடுகிறது, மோவாய்க்கு இறங்குகிறது, திரும்பவும் வலது கன்னத்துக்கே ஏறுகிறது. இடது பக்கமும் எனக்கு ஒரு கன்னம் உண்டு என்று சவரம் பழகும் பையன் பரணிக்கு யாராவது ஞாபகப்படுத்தினால் தேவலை. ஆனால் யாரும் வாயைத் திறக்கக் காணோம். இந்த விடுதியில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பையன்கள் ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறாத குறையாகப் பார்க்கிறார்கள். கதவோரம் விடுதிப் பொறுப்பாளர் லூர்து மேடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பின்னால் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக, பையன்களுக்குச் சவரம் சொல்லிக்கொடுக்க வரும் செல்லப்பா. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தில்லை நகரில் சலூன் வைத்திருக்கும் நாசர் பாய். அவர்தான் கேட்டார், "யாராச்சும் உக்காருங்கப்பா. என் கண்ணு முன்னாடி இவன் ஒரு முழு ஷேவ் பண்ணிக் காட்டட்டும். கை நல்லாருந்தா திங்கக்கிழமையே கடைக்கு வரட்டும்" என்று. யார் உட்காருவது? செல்லப்பா மலைக்கு மாலை போட்டிருக்கிறார், போய் வரும்வரை முகத்தில் கத்தி படக்கூடாது. விடுதி வாட்ச்மேனும் மாலை, சமையல்காரரும் மாலை, எதிர் டீக்கடைக்காரரும் மாலை, பாலக்கரையில் இந்த மாதம் தாடி இல்லாத ஆண்பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும். நாசர் பாய்க்கு அவருடைய சொந்தத் தாடி இருக்கிறது, அதை அவர் யாரையும் தொட விடமாட்டார். மீசை அரும்பிய பையன்கள் இரண்டொருவர் இருக்கிறார்கள், அவர்கள் பரணியின் கையில் கத்தியைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து நான் எழுந்தேன். குடையை எங்கே வைத்தேன் என்று பார்க்கத்தான் எழுந்தேன். "சார் எந்திரிச்சிட்டாரு! சாமியே சரணம்!" என்று செல்லப்பா கத்தினார், அறை முழுக்கக் கைதட்டியது, யாரோ என் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார்கள், கழுத்தில் துண்டு விழுந்தது. குடையைத் தேடினேன் என்று அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? அவ்வளவுதான், என் வீரத்தின் கதை.

அம்சவேணி கேட்டால் சிரிப்பாள். வீட்டில் நான் ஷேவ் செய்துகொள்ளும்போது சின்னக் கீறல் விழுந்தாலே டெட்டாலைக் கொண்டா, பஞ்சைக் கொண்டா என்று ஊரைக் கூட்டுகிற ஆள் நான். அவள்தான் என்னை இங்கே அனுப்பினாள். அனுப்பினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. "ரிட்டையர் ஆனதிலேருந்து ஃபிரிட்ஜைத் திறக்கறதும் மூடறதுமா இருக்கீங்க, என் உயிர் போகுது, எங்கயாச்சும் போயிட்டு சாயங்காலமா வாங்களேன்" என்றாள். எங்கே போவது? மின்வாரியத்தில் வேலை பார்த்தவனுக்குப் போக்கிடம் கிடையாது, பேச்சுத்துணையும் கிடையாது, ஊரே அவனிடம் பேசியது கரண்ட் போன நேரத்தில்தான். போனை எடுத்தால் வணக்கம் கிணக்கம் எதுவும் வராது, "அங்க உக்காந்து என்னய்யா செரைக்கிறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்போது எரிச்சலாக வரும். ஓய்வு பெற்றபின் ஒரு நாள் எங்கள் தெருவில் கரண்ட் போயிற்று, என்னை அறியாமல் போன் பக்கத்தில் போய் நின்றேன், யாராவது கூப்பிட்டுத் திட்டமாட்டார்களா என்று இருந்தது, அது ஒரு கேவலமான ஏக்கம்தான், ஆனால் ஏக்கம்தான். அப்புறம் பூங்காவில் நடக்கும் ஒருவர் லூர்து மேடத்தைப் பற்றிச் சொன்னார், சிறுவர் இல்லங்களிலும் கேஸ்களிலும் அடிபட்டு வெளியே வந்த பையன்களைத் தங்கவைத்து ஏதோ ஒரு கைத்தொழில் பழக்குகிறார், வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோக ஆள் தேடுகிறார் என்று. வந்தேன். "என்னா சார் சொல்லிக் குடுப்பீங்க?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? கம்பத்தில் ஏறியவன் நான் இல்லை, ஏறியவர்களின் விடுப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவன். "சும்மாதாம்ப்பா வந்தேன்" என்றேன். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள், சும்மா சார். தையல் சார் உண்டு, கம்ப்யூட்டர் மிஸ் உண்டு, நான் சும்மா சார். உள்ளே நுழைந்தால் "டேய், சும்மா சார் வந்துட்டாரு, சும்மா இருங்கடா" என்பார்கள். கோபம் வரவில்லை. சத்தியமாக, சந்தோஷமாக இருந்தது.

சும்மா இருந்த எனக்குக் கிடைத்த வேலை பலூன் ஊதுவது. சவரம் பழகுகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் மனித முகத்தைக் கொடுக்க மாட்டார்களாம், பலூனை ஊதி, அதன்மேல் நுரையைப் பூசி, கத்தியால் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும், பலூன் வெடிக்கக் கூடாது. வெடித்தால் வெடித்தவன் துடைப்பத்தை எடுத்து அறை முழுக்கப் பெருக்க வேண்டும், செல்லப்பா போட்ட சட்டம் அது. காற்றடிக்கும் பம்ப்பை யாரோ கழற்றி மாட்டிப் பார்த்ததில் அது உருப்படாமல் போனது, அதனால் நான் ஊதினேன். சனிக்கிழமை காலை முழுக்க என் மூச்சு சிவப்பும் மஞ்சளுமாக உப்பிக்கொண்டு அவர்கள் கையில் போய் உட்காரும். நான் ஊதுவேன், அவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், வாயில் பலூனை வைத்துக்கொண்டிருப்பவன் எதற்கும் புத்தி சொல்ல முடியாது இல்லையா, அதனால்தானோ என்னவோ எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார்கள். அடி வாங்கியது, அடித்தது, அம்மா இன்னொரு வீட்டுக்குப் போனது, போலீஸ் ஜீப்பில் யார் மடியில் உட்கார்ந்து வந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டுவேன். பரணி மட்டும் எதுவும் சொன்னதில்லை. அவன் கதையை மற்றவர்கள்தான் சொன்னார்கள். இதுவரை பலூன் ஊதியவன் இன்றைக்குப் பலூனாகவே ஆகிவிட்டேன், ஒரு வகையில் பதவி உயர்வுதான். பிரஷ் நின்றுவிட்டது. அவன் கத்தியில் புது பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டுகிறான், அந்தச் சின்ன 'டிக்' சத்தம் கேட்கிறது.

அவன் கதையை இப்போது நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்று நினைத்தவுடனே அதுதான் வந்து முன்னால் நிற்கிறது. பதினாறு வயதில், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை வாசலில், அவன் அக்காவைப் பற்றி ஏதோ சொன்ன ஆட்டோக்காரரின் கன்னத்தில் பிளேடு போட்டுவிட்டான். காதடியிலிருந்து உதட்டோரம் வரை. "தையல் போட்டுப் பொழச்சிக்கிட்டாரு சார், ஆனா சிரிச்சா ஒரு பக்கம்தான் சிரிக்கும்" என்று சொன்ன பையன் அதைச் செய்துகாட்டினான், நான் பலூனை வாயிலிருந்து விட்டுவிட்டேன், அது புஸ்ஸென்று அறையெல்லாம் சுற்றியது, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தூரத்தில் நின்ற பரணி சிரிக்கவில்லை. அதே கை. பெருவிரலும் சுட்டுவிரலும் என் கிருதாவுக்குக் கீழே தோலை மேலே இழுத்துப் பிடிக்கின்றன. கத்தி வைத்தாயிற்று. வைத்த இடத்திலேயே நிற்கிறது. ஏன் நிற்கிறது? நகர்த்து அப்பா, நகர்த்து. இந்த மாதத்தோடு அவன் விடுதியை விட்டுக் கிளம்ப வேண்டும், வயது தாண்டிவிட்டது, சட்டம் இடம் கொடுக்காது என்று மேடம் போன வாரம் சொன்னார். நாசர் பாய் கடைக்கு மேலே படுக்க ஓர் அறை இருக்கிறது. மாலை கழற்றிவிட்டு வருகிற கூட்டம் மார்கழி கடைசியில் சலூன்களில் வந்து குவியும், அதற்குத்தான் அவருக்குக் கை வேண்டும், இப்போது எடுத்தால் எடுத்ததுதான். "இது அமையலன்னா அவன் அங்கதான் சார் போவான்" என்று மேடம் ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டினார். தெருவில் ஒருத்தன் பைக்கில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். விடுதியிலிருந்து வெளியேறும் பையன்களுக்கு முதல் பிரியாணி வாங்கிக் கொடுப்பவன் அவன்தானாம். அப்புறம் அவர்கள் கையில் என்ன கொடுப்பான் என்று மேடம் சொல்லவில்லை. இன்றைக்கும் நிற்கிறான். வரும்போது பார்த்தேன்.

நகர்ந்துவிட்டது. ஸ்ர்ர் என்று ஒரு சத்தம், என் காதுக்கு மட்டும் கேட்கிற சத்தம், பிளேடு கீழே இறங்குகிறது, நுரை விலகிய இடத்தில் காற்றுப் படுகிறது. வலிக்கவில்லை. மறுபடி மேலே, மறுபடி ஸ்ர்ர். அரைக்கண்ணால் பார்க்கிறேன். நாக்கின் நுனியை வாயோரத்தில் துருத்திக்கொண்டிருக்கிறான், கணக்குப் போடும் பையன்போல. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான், ஓர் இழுப்பு முடிந்ததும் விடுகிறான், அந்த மூச்சு என் நெற்றியில் படுகிறது. இடது கையால் என் உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்திருக்கிறான், எதற்கு என்று முதலில் புரியவில்லை, அப்புறம்தான் உறைத்தது, பலூனை முடிச்சில் பிடித்துத் தொங்கவிட்டுப் பழகிய கை, முடிச்சைத் தேடியிருக்கிறது, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது. எனக்கு இருப்பதே நாலு முடி, அதையும் பிடுங்கிவிடுவான்போல. சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, சிரித்தால் கன்னம் ஆடும். அவன் கண்ணைப் பார்க்கிறேன். அடேயப்பா. என் முகத்தை இப்படி யாராவது பார்த்திருக்கிறார்களா? நான் பெண் பார்க்கப் போன அன்று அம்சவேணி பார்த்திருப்பாள், அதுவும் ஓரக்கண்ணால். அவன் பார்ப்பது என்னைக்கூட இல்லை, ஒவ்வொரு மயிர்க்காலையும் பார்க்கிறான், அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே சுழி இருக்கிறது, தாடை எங்கே வளைகிறது, தோல் எங்கே தொளதொளவென்று ஆகிவிட்டது. அத்தனை பேர் போனில் கேட்டார்களே, உட்கார்ந்து என்ன செரைக்கிறாய் என்று, அவர்களில் ஒருவராவது இந்த வேலையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருந்தால் அதைத் திட்டுவதற்கு எடுத்திருப்பார்களா? இன்னொருவன் ரத்தத்துக்கு ஒரு நூல் தள்ளிப் போய்வருகிற வேலை. ஒரு முகத்தைக் கிழித்த கைக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், செல்லப்பாவா, என் மூச்சை அடைத்த பலூன்களா, இல்லை அப்போதிருந்தே உள்ளே இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். பயம் போகவில்லை, பயத்துக்குப் பக்கத்திலேயே இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது. வலது கன்னம் முடிந்தது. நாசர் பாய் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின்மேல் போட்டுக்கொள்கிறார், அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் ஒரு நொடி திரும்பிப் பார்க்கிறான். திரும்பாதே அப்பா. இங்கே பார்.

இடது பக்கம். இங்கே நுரை அவசரத்தில் பூசியது, காய ஆரம்பித்துவிட்டது, தோல் இழுபடுகிறது. வெளியே மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரையில் கொட்டுகிறது, அந்தச் சத்தத்தில் பிளேடின் சத்தம் கேட்கவில்லை, சத்தம் கேட்காதது எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கும் பிடிக்கவில்லைபோலிருக்கிறது, குனிந்து காதைக் கிட்டத்தில் கொண்டுவருகிறான். மேலே இழுப்பு, கீழே இறக்கம். காதடியில் தாடை வளைவு. அங்கே எனக்கு ஒரு சின்ன மரு உண்டு, வீட்டில் அதைத் தாண்டி வழிப்பது எனக்குப் பழக்கம், சொல்லியிருக்க வேண்டும், எப்படிச் சொல்வது, வாயைத் திறந்தால்... சுருக் என்றது. அவ்வளவுதான். எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக். அதற்கப்புறம் சூடாக ஏதோ இறங்குகிறது. வெள்ளைத் துண்டில் ஒரு சொட்டு, பக்கத்தில் இன்னொரு சொட்டு. ஜன்னலில் எல்லாக் குரலும் ஒன்றாகக் கத்துகிறது, "வெடிச்சிருச்சு!" பழக்கம், பழக்கம், பாவம், இத்தனை சனிக்கிழமைகளாக வெடித்ததும் அப்படித்தானே கத்தினார்கள். கத்தியவர்களே வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். பரணி கத்தியை மேஜைமேல் வைக்கிறான், மெதுவாக, கூர்ப் பக்கம் சுவரைப் பார்க்க. நாலு எட்டில் மூலைக்குப் போகிறான். துடைப்பத்தை எடுக்கிறான். குனிந்து பெருக்க ஆரம்பிக்கிறான். பெருக்குவதற்குத் தரையில் ஒன்றுமே இல்லை. கிழிந்த ரப்பர் துண்டு ஒன்றுகூட இல்லை. ஒன்றும் இல்லாத தரையை, என் காலடியிலிருந்து கதவு வரைக்கும், கதவிலிருந்து என் காலடி வரைக்கும் பெருக்குகிறான், அவன் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பையனைப் பார்த்து நான் பயந்தேனா?

"போதும் பரணி, வச்சிரு" என்கிறார் லூர்து மேடம். துடைப்பம் நிற்கவில்லை. "சாமி, படிகாரம்! படிகாரத்த எடு சாமி!" என்று செல்லப்பா பதறுகிறார், தானே எடுத்து வைக்கலாம், ஆனால் அவர் வரவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறார், அவன்தான் எடுக்க வேண்டும் என்று நிற்கிறார். நாசர் பாய் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எழுந்திருக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி இருக்கிறது. ரத்தம் காலருக்குள் இறங்குகிறது, கூசுகிறது. படிகாரக் கட்டி என் எதிரே தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நானே எடுத்து வைத்துக்கொள்ளலாம், கையைத் தூக்கவில்லை. அவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கிறான். வருகிறான். படிகாரத்தைத் தண்ணீரில் முக்கி என் தாடையில் வைத்து அழுத்துகிறான், எரிகிறது, நன்றாகவே எரிகிறது, அவன் அழுத்தத்தைக் குறைக்கவில்லை. பிளேடு போட்ட கை, இப்போது ரத்தத்தை நிறுத்திக்கொண்டிருக்கிறது, இதை என் கண்ணால் பார்க்க முடியவில்லை, என் தோலால் பார்க்கிறேன். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறான், "அந்த ஆட்டோ அண்ணனுக்கும் இங்கதான் சார் ஆரம்பிச்சிச்சு." அவ்வளவுதான் சொன்னான். இத்தனை நாளில் அவன் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை அது. வாயில் பலூனும் இல்லை இப்போது, தலையாட்டித் தப்பிக்கலாம் என்றால் தலையையும் ஆட்ட முடியாது. "இனிமே என்னால முடியாது சார். நீங்க எந்திரிச்சிடுங்க." மேடமும் சொல்கிறார், "எந்திரிச்சிடுங்க சார், நான் கழுவிவிடச் சொல்றேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்." இன்னொரு நாள் ஏது? நாசர் பாய் பாதி எழுந்துவிட்டார். தெருவில் பைக் நிற்கிறது. நான் எழுந்தால் எல்லாம் மரியாதையாக முடிந்துவிடும், யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், குடையை எடுத்துக்கொண்டு போகலாம், அம்சவேணி கட்டு போட்டுவிட்டு ஒரு பாட்டம் திட்டுவாள். எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். காலுக்கு அந்த எண்ணம் போய்ச் சேரவில்லை. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொள்கிறேன். முதல் தடவை உட்கார்ந்தது நானாக இல்லை. இப்போது உட்கார்ந்திருப்பது நான்தான். இவ்வளவு வயதுக்கு, இத்தனை கையெழுத்துகளுக்கு அப்புறம், நான் செய்கிறேன் என்று தெரிந்து நான் செய்கிற காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. "டேய் பரணி" என்கிறேன். "கழுத்துல அப்படியே நுரையோட, அரை மூஞ்சியோட நான் எப்படிடா பஸ்ஸுல போவேன்? கண்டக்டர் அரை டிக்கெட்டுதான் குடுப்பான்." ஜன்னலில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொள்கிறான். பரணி சிரிக்கவில்லை. கத்தியைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். இனி என்ன பேசினாலும் அது பேச்சாகத்தான் இருக்கும். நான் தலையைப் பின்னுக்குச் சாய்த்து அண்ணாந்துகொள்கிறேன்.

கூரையில் ஒரு நீர்க்கறை, அருகே ஒரு பல்லி. அவ்வளவுதான் தெரிகிறது. கழுத்து முழுக்கத் திறந்து கிடக்கிறது, எச்சில் விழுங்கினால் குரல்வளை ஏறி இறங்குவது எனக்கே தெரிகிறது, அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? காத்திருக்கிறேன். மழை. யாரோ இருமுகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி கிரீச்சிடுகிறது, நாசர் பாய் உட்கார்ந்தாரா போய்விட்டாரா, திரும்பிப் பார்க்க முடியாது. உயிர் என்பது இவ்வளவு மெல்லிய தோலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் பஸ்ஸிலும் கூட்டத்திலும் போய்வந்தேன், ஒவ்வொருவனும் இந்தத் தோலோடுதான் தெருவில் நடக்கிறான், அந்த ஆட்டோக்காரரும், பரணியும், பைக்கில் சாய்ந்திருக்கிறவனும், ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொருவர் கழுத்து, ஆனாலும் ஊர் நடக்கிறது, எப்படி நடக்கிறது, பெரிய ஆச்சரியம்தான் இது, எனக்கு இதுவரை உறைக்கவே இல்லை. புதிதாக நுரை விழுகிறது. இந்தத் தடவை சில்லென்று இல்லை, யாரோ வெந்நீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இடது கை வருகிறது. உச்சிமுடியைப் பிடிக்கவில்லை. உள்ளங்கையை விரித்து என் மோவாய்க்குக் கீழே தாங்கிப் பிடிக்கிறது, காய்ச்சல்காரனைத் தாங்குவதுபோல. நான் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன், அவன் விடுகிறான், "மூச்சு வுடுங்க சார்" என்கிறான், "நீங்க மூச்ச புடிச்சா எனக்கு பயமா இருக்கு." விடுகிறேன். கத்தி குரல்வளைக்கு மேலே ஏறுகிறது, மேட்டில் ஏறி மெதுவாக அந்தப் பக்கம் இறங்குகிறது, நான் விழுங்க வேண்டியிருக்கிறது, அவன் அதற்காக நின்று காத்திருக்கிறான், விழுங்குகிறேன், மறுபடி ஆரம்பிக்கிறான். எனக்குக் கண்ணில் நீர் கட்டுகிறது. படிகாரத்தின் எரிச்சல் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். இல்லை, எரிச்சல் அப்போதே போய்விட்டது.

முடிந்துவிட்டது. என் தலையை நிமிர்த்துகிறான். நாசர் பாய் போகவில்லை, எனக்கு நேர் எதிரே வந்து நிற்கிறார், புறங்கையால் என் கழுத்தைக் கீழிருந்து மேலாக ஒரு தடவு தடவுகிறார், மருவுக்குப் பக்கத்தில் கீறலைப் பார்க்கிறார், காது மடலுக்குப் பின்னால் பார்க்கிறார். "கன்னம் சுமார். கழுத்து நல்லாருக்கு" என்கிறார். "கழுத்து பண்றவன் கன்னம் பண்ணிடுவான். திங்கக்கிழமை வந்துரு தம்பி. குளிச்சிட்டு வா, கடையில ஊதுவத்தி வைக்கிறது உன் வேலை." ஜன்னலில் கூச்சல் வெடிக்கிறது, சரணம் போடுகிறார் செல்லப்பா, லூர்து மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பரணி எதையும் கேட்ட மாதிரி இல்லை. ஈரத்துண்டால் என் காதுக்குப் பின்னால் ஒட்டிய நுரையைத் துடைக்கிறான், மூக்கோரம் துடைக்கிறான், ஏற்கெனவே துடைத்த இடத்தை மறுபடி துடைக்கிறான். பிறகு குனிந்து கேட்கிறான், "சார், இது மறுபடி எப்ப வளரும்?" எது என்று கேட்கப் போய், புரிந்து, "நாளைக்குக் காலையில பாத்தா லேசா வந்துருக்கும்டா" என்கிறேன். கொஞ்சம் யோசிக்கிறான். "அப்ப நாளைக்கும் வரீங்களா? இந்த எடது பக்கம் சரியாவே வரல சார். திங்கக்கிழமைக்குள்ள ஒரு தடவ சரியா பண்ணிடணும்." அவனை நிமிர்ந்து பார்க்கிறேன். பதினைந்து பதினாறு வயதிலிருந்து தினம் காலையில் இது முளைத்துவருகிறது, நான் சொல்லாமலே, நான் கவனிக்காமலே, ஒரு நாள்கூடத் தவறாமல், இதற்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "வரேன்டா" என்கிறேன். கன்னத்தைத் தடவிப் பார்க்கிறேன், வழவழவென்று இருக்கிறது. சீக்கிரம் வளர்ந்தால் தேவலை என்று இருக்கிறது.